இடமில்லன்னு ஒரு லெட்டர்

ஜூன் 2

அக்கா,

கிழிச்சுப் போட்டுடாத. முதல்ல படி, அப்புறம் கிழி.

நாலு மாசம் கழிச்சு எழுதுறேன். போன் பண்ணலாம்தான். ஆனா போன்ல நம்ம லட்சணம் உனக்கே தெரியும். நாலு தடவ நீ கட் பண்ண, அஞ்சாவது தடவ நான் கட் பண்ணேன். லெட்டர்ல அந்த வேலையே நடக்காது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்க முடியாது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

விஷயத்துக்கு வரேன். எனக்கு வீடு கிடைக்கப் போகுது! சரி, வீடு இல்ல, ரூம். சரி, இன்னும் கிடைக்கல. ஆனா கிடைக்கும்க்கா, என் கை அரிக்குது.

நான் இப்ப ஒரு பெரிய ஹோட்டல் லாண்டரியில இருக்கேன். ஒரு நாளைக்கு நானூறு பெட்ஷீட் இஸ்திரி மெஷின்ல விடணும். வர்றவன் போறவன் எல்லாம் சுருக்கமில்லாம படுக்குறதுக்கு நான் உழைக்கிறேன், நான் படுக்குறது அரை பெட்ல. அரை பெட்னா என்னன்னு கேளு. ஹாஸ்டல்ல ஒரு பெட்டுக்கு ரெண்டு பேர். ராத்திரி எனக்கு, பகல்ல நைட் டூட்டி பாக்குற ஒரு நர்ஸுக்கு. காலைல ஆறு மணிக்கு படியில அவ செருப்பு சத்தம் கேட்டா நான் எழுந்திரிச்சு பெட்ட காலி பண்ணணும். போன மாசம் காய்ச்சல் வந்தப்ப பகல்ல எங்க படுக்குறதுன்னு தெரியாம, லாண்டரியில அழுக்குத் துணி மூட்டை மேல படுத்துக் கெடந்தேன். உன்ன அழ வைக்கிறதுக்குச் சொல்லல. தகவலுக்கு.

இப்ப சந்தோஷ சமாச்சாரம். சம்பளம் கம்மியா வாங்குற, இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்குற ஆளுங்களுக்குன்னே ஒரு கட்டடம் கட்டியிருக்காங்க. நாப்பது ரூம். வாங்குற சம்பளத்துல கால்வாசிதான் வாடகை, மீதிய அத நடத்துற ஆபீஸே பாத்துக்குது. மூணு வருஷம் இருக்கலாம். ஆளுக்கு ஒரு ரூம். திரும்பப் படி: ஆளுக்கு ஒரு ரூம்! கதவ உள்பக்கமா பூட்டிக்கலாம்!

மூணு பேப்பர் கேக்குறாங்க. வயசுக்கு ஒண்ணு, சம்பளத்துக்கு ஒண்ணு, ரெண்டும் ரெடி. மூணாவது, நான் இதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தேனோ அந்த வீட்டு ஆள் எழுதிக் குடுக்கணும். "இவளுக்கு எங்க வீட்டுல இடமில்ல." ஒரே வரி, கீழ கையெழுத்து. சொந்தக்காரங்க வீட்டுல இடம் இருக்குறவங்களுக்கு ரூம் கிடையாதாம். ஜூன் 25 கடைசி நாள்.

நீ ஏற்கனவே ஒரு தடவ வாயால சொன்னதுதானே. இப்ப கையால எழுது, அவ்வளவுதான்.

வாலு


ஜூன் 6

அடியே வாலு,

கிழிக்கல. மடிச்சு மெஷின் டிராயர்ல போட்டுட்டு ரெண்டு பாவாடை தச்சேன். ரெண்டும் கோணல். ரெண்டையும் பிரிச்சுட்டு இத எழுதுறேன்.

ஆமா, சொன்னேன். நான் ஸ்கூல் யூனிஃபார்மா தச்சுத் தள்ளி உனக்கு ஃபீஸ் கட்டினா, நீ வாசப்படியில நின்னு பல்ல இளிச்சுக்கிட்டே "காலேஜ விட்டுட்டேன்"னு சொன்ன. எனக்கு மண்டை சூடாகிடுச்சு. "அப்ப இந்த வீட்டுல உனக்கு இடமில்ல"ன்னு வந்துடுச்சு. வெளிய வந்தத நானே இன்னும் காதுல வாங்கி முடிக்கல, அதுக்குள்ள நீ பைய எடுத்துட்ட. கோவத்துல சொன்ன ஒரு வார்த்தைக்கு பைய எடுக்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.

அந்த வார்த்தைய இப்ப பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்து வேற போடணுமா? மாட்டேன். அம்மா அப்பா இல்லாத பொண்ண அக்காக்காரி துரத்தி விட்டான்னு ஒரு ஆபீஸ் அலமாரியில எம்பேரு கெடக்கணுமா? அத யாரோ ஒருத்தர் எடுத்துப் படிக்கணுமா?

அதுவும் பொய்யி. உனக்கு இடம் இருக்கு. உன் பாய் சுருட்டி வச்சபடியே இருக்கு. உங்க மாமா பஸ் டூட்டி முடிஞ்சு வர்றப்ப எல்லாம் "ஏதாவது லெட்டர் வந்துச்சா"ன்னு கேக்குறாரு, என்னமோ நீ ராணுவத்துல இருக்குற மாதிரி. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "எதுத்துப் பேச ஒரு ஆள் இல்லாம வீடு சப்புன்னு இருக்கு"ன்னு. என் மாமியார் வாயில இருந்து இதுக்கு மேல பாசம் வராது, இதுக்கே நீ ஓடி வரணும்.

காய்ச்சலோட துணி மூட்டை மேல படுத்தாளாம். தகவலுக்காம்! வந்தேன்னா முதுகுல ரெண்டு வச்சுட்டுதான் பேசுவேன்.

வீட்டுக்கு வா. லெட்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

அக்கா


ஜூன் 9

அக்கா,

உன் லெட்டர் வந்தப்ப நான் அந்தக் கட்டடத்தப் பாத்துட்டு வந்த சூட்டுல இருந்தேன். அதனால முதல்ல அத சொல்றேன், சண்டை அப்புறம்.

யாரையும் உள்ள விட மாட்டாங்க. நான் நேரா போய் பெயின்ட் அடிக்கிற அண்ணன்கிட்ட "இங்க நான் குடி வரப் போறேன், எனக்கு எந்த கலர் அடிக்கிறீங்கன்னு பாக்கணும்"னேன். அவரு சிரிச்சுட்டு, "எல்லாருக்கும் ஒரே கலர்தான் ஓனரம்மா, வாங்க"ன்னு மூணாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஓனரம்மா!

அக்கா, ஒரு ஜன்னல். அதுக்குக் கீழ ஒரு பெட். பக்கத்துல சின்ன மேடை, அதுல அடுப்பு, அதுக்கு ஒரு குழாய். கதவுக்குப் பின்னாடி பாத்ரூம், வேற எவளும் வெளிய நின்னு தட்ட மாட்டா. நான் குழாயத் தொறந்தேன். தண்ணி வந்துச்சு! நான் கத்தின கத்துல அந்த அண்ணன் ஏணிய புடிச்சுக்கிட்டாரு. சுவர்ல கைய வச்சுட்டேன், பெயின்ட் காயல. என் அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சுடுச்சு. திருப்பி அடிச்சு மூடிட்டாரு. திட்டிக்கிட்டேதான்.

இப்ப சண்டை.

இடம் இருக்குன்னு சொல்ற. எங்க இருக்கு? இடத்தக் காட்டு. "வீட்டுல" அப்படின்னா எந்த இடம்? தண்ணி டிரம்முக்கும் சமையக்கட்டு வாசலுக்கும் நடுவுல இருக்கே, அதுவா? அக்கா, எனக்கு உன் மேல கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு. நீ அன்னைக்கு சொல்லலைன்னாலும் நான் போயிருப்பேன், ஒரு வாரம் கழிச்சு. படிப்பு எனக்குப் பிடிக்கல, அதுக்குப் பெரிய காரணம்லாம் தேடாத. ஆனா வீட்ட விட்டதுக்கு காரணம் இருக்கு. அத நீ பாத்ததே இல்ல, ஏன்னா எல்லாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் பாயச் சுருட்டிடுவேன்.

நீ டெய்லர்தானே? ஊருக்கே அளவு எடுக்குற. ஒரு தடவ உன் வீட்டுக்கு எடு. டேப்ப எடு, அள. எனக்கு இடம் வந்துச்சுன்னா நானே பைய எடுத்துட்டு வந்துடுறேன், ரூமும் வேணாம் ஒண்ணும் வேணாம். வரலைன்னா லெட்டர் எழுது.

18ஆம் தேதி அந்த ஆபீஸ் மேடம் நேர்ல கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள.

வாலு


ஜூன் 14

வாலு,

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பாடு ஆனதும் எல்லாரையும் படுங்கன்னேன். ராத்திரி எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க, அளக்கணும்னேன்.

உங்க மாமா, "செத்த பொணத்துக்குதான் இப்படி அளவு எடுப்பாங்க"ன்னு சிரிச்சாரு. அத்தை கட்டில விட்டு நகர மாட்டேன்னாங்க, "அளக்குறதுன்னா கட்டிலயே அள, நான் அதுக்குள்ளதான் இருப்பேன்"னு. நம்ம பசங்க, பெரியவனும் சின்னவளும், செத்த மாதிரி நடிக்கிறோம்னு நாக்க வெளிய தள்ளிக்கிட்டுக் கெடந்தாங்க. நான் சாக்பீஸ எடுத்து ஒவ்வொருத்தரா சுத்திக் கோடு போட்டேன். எனக்கு நானே எப்படிப் போடுறது? படுத்துக்கிட்டேன், பெரியவன் போட்டான். காலுகிட்ட பூ வேற வரைஞ்சு வச்சிருக்கான்.

அப்புறம் எல்லாரையும் எழுந்திரிக்கச் சொல்லிட்டு நின்னு பாத்தேன். ஹால் ஃபுல்லா கோடு. என் மெஷின் ஒரு பக்கம், வெட்டின துணி ஒரு பக்கம், கட்டில், நாலு பேரு. பூனை வந்தாகூட யாரு மேலயாவதுதான் நிக்கணும்.

சமையக்கட்டுக்குப் போனேன். டிரம்முல இருந்து வாசல் வரைக்கும் டேப்ப இழுத்தேன். நாலடி ஒரு இஞ்ச்.

உன் உயரம் எனக்கு மனப்பாடம். அஞ்சடி மூணு. உனக்கு எத்தனை டிரெஸ் தச்சிருக்கேன்.

அங்கயே உக்காந்துட்டேன்டி. ரெண்டு வருஷம். பதினாலு இஞ்ச் உனக்கு எங்க போச்சு? கால மடக்கிக்கிட்டா? கால வெளிய நீட்டினா சின்னவ தலையில இடிக்கும், அதனால நீ நீட்டியிருக்க மாட்ட. டிரம்முல தண்ணி புடிக்க நான் அஞ்சு மணிக்கு வர்றப்ப நீ எழுந்து உக்காந்திருப்ப. எனக்கு உதவி பண்ணத்தான் சீக்கிரம் எழுந்திரிக்கிறன்னு நான் அக்கம்பக்கமெல்லாம் பெருமை பேசியிருக்கேன்.

ஒரு வார்த்த சொன்னா என்ன? எல்லாத்துக்கும் நாக்கு இருக்கு, இதுக்கு மட்டும் இல்லாம போச்சா?

சரி. அழுது முடிச்சாச்சு. அந்த ரூம் உனக்கு வேணும். கண்டிப்பா வேணும். ஆனா அந்த ஒரு வரி எழுத உக்காந்தேன், மூணு பேப்பர் வீணாச்சு. "இடமி" வரைக்கும் வருது, அதுக்கு மேல கை ஓடல. அதனால நான் எழுதல, வரைஞ்சிருக்கேன். பேட்டர்ன் வெட்டுற காக்கிப் பேப்பர்ல, அடிக்கு மூணு இஞ்ச் கணக்குல மொத்த வீடும் இருக்கு, யார் எங்க படுக்குறாங்கன்னு அளவோட. அத அந்த மேடத்துக்கிட்ட குடு. கண்ணு இருக்குறவங்களுக்கு அது போதும். ராத்திரி தூங்குறவங்க யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.

அந்த ஜன்னல் அகலம் எவ்வளவு? உயரம் எவ்வளவு? கண்ணளவு சொல்லாத, அளந்து சொல்லு.

அக்கா


ஜூன் 18

அக்கா!!

ஐயோ அக்கா, உன்ன என்ன பண்றது!

இன்னைக்கு போனேன். அந்த மேடம் மூக்கு நுனியில கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லார் பேப்பரையும் எழுத்து எழுத்தா படிக்கிறாங்க. உன் காக்கிப் பேப்பர மேஜை மேல விரிச்சேன். மேஜை பத்தல, பக்கத்து மேஜைக்காரரு டீ டம்ளர தூக்கிக்கிட்டாரு. மொத்த ஆபீஸும் கூடிடுச்சு. "இது யாரு? இது யாரு?"ன்னு கேக்குறாங்க. நான் கைட் மாதிரி விளக்குறேன், "இது எங்க மாமா, இது எங்க அத்தை, கட்டிலுக்குள்ள இருக்காங்க, வெளிய வர மாட்டாங்க." ஒரே சிரிப்பு. நான் மனசுக்குள்ள, முடிஞ்சுது, சாவி கையில வந்தாச்சுன்னு குதிச்சுக்கிட்டு இருக்கேன்.

மேடம் மட்டும் சிரிக்கல. ஸ்கேல எடுத்தாங்க. கூட்டினாங்க. திருப்பி கூட்டினாங்க.

"ஏம்மா, ஹால் அகலம் ஒம்போதடின்னு போட்டிருக்கு. இதுல படுத்திருக்குறவங்களக் கூட்டினா பத்தடி நாலு இஞ்ச் வருது. ஒம்போதடி ரூம்ல பத்தடி ஆளுங்க எப்படிம்மா படுப்பாங்க? ரூம் கிடைக்கணும்னு கூட்டிப் போட்டீங்களா?"

பொய் லெட்டர் குடுத்தா மனுவ ரத்து பண்ணிடுவாங்க. நான் பேப்பர உத்து உத்துப் பாத்தேன். அப்பதான் புரிஞ்சுது. அக்கா, நீ லூஸ் விட்டிருக்க! மாமாவுக்கு ரெண்டு இஞ்ச், உனக்கு ரெண்டு இஞ்ச். பசங்களுக்கு? வளர்ற பசங்கன்னு ஆளுக்கு ஆறு இஞ்ச்! வீட்டுத் தரையில தூங்குற புள்ளைங்களுக்கு யாராவது மடிச்சுத் தைக்க இடம் விடுவாங்களா?

"மேடம், எங்க அக்கா டெய்லர். அவ கைக்கு ஒட்டி வெட்டவே வராது. பெரியவனுக்கு அவ தச்ச ஸ்கூல் டிரவுசர இன்னும் கயிறு போட்டுதான் கட்டுறான்"னேன்.

அவங்க பதினாறு இஞ்ச கழிச்சுப் பாத்தாங்க. சரியா ஒம்போதடி. ஒரு நூல் கூட மிச்சம் இல்ல. அப்பதான் கண்ணாடிய கழட்டினாங்க.

"நான் நம்புறேன்மா. ஆனா படத்த ஃபைல்ல வைக்க முடியாது. ரூல்ல இருக்குறது ஒரு வரி, ஒரு கையெழுத்து"ன்னாங்க. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. "மேடம், அத எழுதச் சொன்னா எங்க அக்கா அழுவா"ன்னேன். "அழுதுட்டே எழுதச் சொல்லு, 25க்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது. எண்பத்தாறு பேர் கேட்டிருக்காங்க, நாப்பது ரூம்தான்"னாங்க.

அக்கா, நான் இப்ப கிண்டல் பண்ணல. போன தடவ கேட்டப்ப கொஞ்சம் குத்திக் காட்டத்தான் கேட்டேன். ஒத்துக்குறேன். இப்ப அப்படிக் கேக்கல. எனக்கு அந்த ரூம் வேணும். அந்தக் குழாய நான் தொறந்துட்டேன்க்கா, இனிமே மூட முடியாது.

ஜன்னல் நாலடிக்கு மூணரை. பெயின்ட்டர் அண்ணன் அளந்து குடுத்தாரு.

வாலு


ஜூன் 20

வாலு,

லூஸ் விட்டேனா! சத்தியமா எனக்கே தெரியாதுடி. உங்க மாமாகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அத்தை, "எனக்கு மட்டும் ஏன் விடல"ன்னு கோச்சுக்கிட்டாங்க.

நேத்து ஒரு பொண்ணு ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தா. உன் வயசுதான். டேப்ப கையில வச்சுக்கிட்டே நின்னுட்டேன். நாலு மாசமா அந்த வார்த்தைய நெனைச்சு நெனைச்சு எனக்கே நான் வெறுப்பா இருந்தேன். வாலு கோச்சுக்கிட்டுப் போயிட்டா, வந்துடுவா, பாய் இருக்கு, இடம் இருக்குன்னு சொல்லிச் சொல்லியேதான் ஓட்டினேன். இப்ப எழுதினா அதையும் நானே எடுத்துப் போடணும். கையில ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அதுக்குத்தான் கை நின்னுச்சு, ஊரு என்ன சொல்லும்ங்கிறதுக்கு இல்ல.

எழுதிட்டேன். ஒரு வரி கேட்டாங்க, கொஞ்சம் நீண்டுடுச்சு. ஆபீஸ்ல குடுக்குறதுக்கு முன்னாடி நீயும் படிச்சுக்க:

"மேடம், இவளுக்கு என் வீட்டுல இடமில்ல. பிப்ரவரி மாசம் கோவத்துல இவகிட்ட இதையே சொன்னேன். அப்ப தெரியாம சொன்னேன். இப்ப அளந்து பாத்துட்டு சொல்றேன். சமையக்கட்டுல நாலடி ஒரு இஞ்ச்தான் இருக்கு, இவ அஞ்சடி மூணு. இவ என் தங்கச்சி. நான் துரத்தல, வீடு பத்தல. படிப்ப விட்டவதான், ஆனா வேலைய விட மாட்டா. வாய் நீளம், கை சுத்தம். ரூம ஒழுங்கா பெருக்கி வச்சுக்குவாளான்னு கேட்டீங்கன்னா அதுக்கு மட்டும் நான் கையெழுத்து போட முடியாது."

கையெழுத்து போட்டிருக்கேன். தேதியும் போட்டிருக்கேன். உங்க மாமா பஸ்லயே குடுத்து அனுப்புறேன், தபால்ல போட்டா லேட்டாகிடும். அவரு டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருப்பாரு. திங்கக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்க. அவரப் பாத்ததும் காலேஜ் கதைய ஆரம்பிச்சு வம்பு இழுக்காத, பாவம், அவருக்கு ரெண்டு பக்கமும் அடி.

கிடைச்சதும் முதல் வரியிலயே சொல்லு. உன் பாணியில சுத்தி வளைக்காத, என் இதயம் நின்னுடும்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

கிடைச்சுடுச்சு.

முதல் வரியில சொல்லிட்டேன். மூச்சு விடு.

மேடம் உன் லெட்டர நின்னுக்கிட்டே படிச்சாங்க. "வாய் நீளம்" வந்ததும் என்னப் பாத்தாங்க, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க"ன்னாங்க. அப்புறம் டமால்னு ஒரு சீல். இன்னைக்குப் பேரு ஒட்டியிருந்துச்சு. மூணாவது மாடி. கூட்டத்துல என் பேர நான் ரெண்டு தடவ படிச்சேன், மூணாவது தடவ பக்கத்துல நின்ன பையன படிக்கச் சொன்னேன். அவன் டயர் கடையில வேலை, அவனுக்கும் கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் முன்ன பின்ன தெரியாம கட்டிப்புடிச்சுக்கிட்டோம். தப்பா நினைக்காத, அவன் கையில இருந்த கிரீஸ் எல்லாம் என் சட்டையில.

சாவி குடுத்ததும் என்ன பண்ணேன் தெரியுமா? உள்ள போய் பூட்டினேன். தொறந்தேன். பூட்டினேன். பத்து தடவ. பத்தாவது தடவ எதிர் ரூம் பொண்ணு, பேக்கரியில ரொட்டி அடுக்குறவ, தலைய நீட்டி, "எதாவது ரிப்பேரா?"ன்னா. "இல்ல, சந்தோஷம்"னேன். அவ சிரிச்சுட்டு உள்ள போனா. ரெண்டு நிமிஷம் கழிச்சு அவ ரூம்லயும் டக்கு டக்குன்னு சத்தம்.

நர்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி தலகாணிக்கு அடியில வச்சுட்டு வந்தேன். "முழு பெட்டும் உனக்கே, என்ஜாய்"னு. ஹாஸ்டல்காரன் இந்நேரம் வேற ஆளப் போட்டிருப்பான், ஆனா ஒரு நாளாவது தூங்கியிருப்பா.

இப்ப தரையில உக்காந்து எழுதுறேன். பெட்ட விட்டா ரூம்ல வேற ஒண்ணுமே இல்லாததால நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது. சும்மா உன்ன மாதிரி "அடியே"ன்னு கத்திப் பாத்தேன். அச்சு அசல் நீதான். பயந்துட்டேன்.

இங்க ஒரு ரூல் இருக்கு. மாசத்துக்கு ரெண்டு நாள் ஒரு ஆள் வந்து தங்கலாம். அதுக்கு ஃபார்ம். வர்றவங்களே அவங்க கையால ரொப்பணுமாம். பேரு, உறவு, எத்தன நாள், வர்ற காரணம். ஃபார்ம் இதோட வச்சிருக்கேன். நான் கட்டாயப்படுத்தல. மெஷின விட்டுட்டு உன்னால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். சும்மா வச்சேன்.

சும்மால்லாம் இல்ல. வா.

வாலு


ஜூலை 7

வாலு,

ஃபார்ம ரொப்பிட்டேன். பேரு எழுதியாச்சு. எத்தன நாள்னு கேட்டதுக்கு ரெண்டு, முழுசா ரெண்டு, அத்தைகிட்ட சொல்லியாச்சு. "மெஷின நான் தொட மாட்டேன், வர்றவங்கள திட்டி அனுப்புறேன்"னாங்க. பசங்க கூட வரணும்னு ஒரே அழுகை, ஒரு ஆள்தான்னு ரூல் இருக்குன்னு பெரிய மனுஷி மாதிரி சொல்லிட்டேன்.

காரணம்ங்கிற கட்டத்துலதான் மாட்டிக்கிட்டேன். உங்க மாமா, "ஆஸ்பத்திரின்னு போடு, ஆபீஸ்ல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க"ன்னாரு. அத்தை, "வேவு பாக்கன்னு போடு, அதானே உண்மை"ன்னாங்க. பெரியவன் "சும்மா"ன்னு எழுதச் சொன்னான். எல்லாரும் சுத்தி உக்காந்துக்கிட்டு ஆளாளுக்கு ஒண்ணு.

எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. "தங்கச்சி வீடு"ன்னு எழுதிட்டேன்.

இது காரணமில்லன்னு மேடம் சொன்னா, இத விட பெரிய காரணம் எங்கிட்ட இல்லன்னு சொல்லிடு.

சனிக்கிழமை சாயந்திரம் உன் ஜன்னலுக்குத் தச்ச திரையோட வரேன். கீழ வந்து நிக்காத. மேலேயே இரு. நான் வந்து கதவத் தட்டணும்.

அக்கா